நிழல் எட்டுமட்டும் நிலம்

உன்னைத்தான் சொல்கிறேன். இடுப்பில் சுரைக்குடுக்கையைச் செருகிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் போலக் கடைசி வரிசையில் வந்து குந்தியிருக்கிறாயே, உன்னைத்தான். ஒரு கடலின் வாயை அடைத்தவன் நீ. ஓர் உலகத்தையே காயப்போட்டவன் நீ. அப்பாவி ஆமை ஒன்றைப் பொய் சொல்லிக் கூப்பிட்டு, எரிகிற அடுப்பில் ஏற்றிவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியவனும் நீதான். உன் பேரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் எழுந்து ஓடிவிடுவாய். உட்கார். கதை முடிகிறவரை உட்கார்.

மற்றவர்கள் நெருங்கி வாருங்கள். குழந்தைகள் முன்னால், பெரியவர்கள் பின்னால், தூங்குகிறவர்கள் வீட்டில்.

வெகு காலத்துக்கு முன்னால் ஓர் உலகம் இருந்தது. எவ்வளவு காலத்துக்கு முன்னால் என்று கேட்காதீர்கள். அங்கே பொழுது விடிந்ததும் இல்லை, சாய்ந்ததும் இல்லை; எதை வைத்து எண்ணுவது? நம் நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுகிறதல்லவா, அதுபோல அந்த உலகம் தன் சூரியனுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. முகத்துக்கு ஓயாத வெயில். முதுகுக்கு ஓயாத இருட்டு. இரண்டுக்கும் நடுவே, மோதிரம் போட்ட மாதிரி, சூரியன் அடிவானத்தில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரு நீளக் கரை. அதற்கு அந்திக்கரை என்று பேர்.

அப்படியானால் முகம் வெந்து, முதுகு விறைத்து, எல்லாரும் செத்திருக்க வேண்டாமா? நியாயமான கேள்வி. ஆனால் ஒருத்தரும் சாகவில்லை. ஏனென்றால் சூரியனுக்கு நேர் கீழே ஒரு பெருங்கடல் கிடந்தது. உச்சிக்கடல்.

கடல் மூச்சு விடும். மேகம் குடை பிடிக்கும். காற்று தூக்கிக்கொண்டு போகும்.

அந்த உலகத்தின் மொத்தப் பிழைப்பும் அவ்வளவுதான். வெயில் பட்டதும் கடலின் மூச்சு ஆவியாக எழும்பும். உச்சியில் மேகமாகத் திரண்டு, சூரியனுக்கும் கடலுக்கும் நடுவே குடையாக நிற்கும். அதனால் முகம் வேகவில்லை. மிச்ச ஈரத்தைக் காற்று அள்ளிக்கொண்டு கரைக்குக் கரை மழையாகக் கொட்டும். கொட்டியது போக எஞ்சியதை இருட்டின் மேல் போர்வையாகப் போர்த்திவிடும். அதனால் முதுகும் ரொம்ப விறைக்கவில்லை.

அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு சட்டம் இருந்தது. நம் ஊரில் நிழலை நம்பி எவனாவது வேலி போடுவானா? காலையில் மேற்கே கிடக்கும், மாலையில் கிழக்கே கிடக்கும். வழக்கு ஏழு தலைமுறைக்கும் தீராது. அங்கே சூரியன் அசையாது. ஆகவே நிழலும் அசையாது. அசையாத நிழலைவிட நல்ல வேலி எது? நிழல் எட்டுமட்டும் நிலம். அதுதான் சட்டம். ஆள் நின்றால் நின்றவன் நிலம். கம்பு நட்டால் நட்டவன் நிலம். குடை பிடித்தால் பிடித்தவன் நிலம். பச்சைப் பிள்ளைக்கும் இது பாடம்.

சுடர்மாறன் என்ற ராஜாவுக்கு மட்டும் இந்தச் சட்டம் தொண்டையில் முள்ளாகக் குத்தியது.

அவன் அரண்மனை உச்சிக்கடலின் கரையில் இருந்தது. அங்கே சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல். அதனால் ராஜாவின் நிழல் ஒரு சாண். பாயை விரித்தால் பாதி அடுத்தவன் மண்ணில் கிடக்கும். அந்திக்கரையிலோ ஆடு மேய்க்கிறவளின் நிழல் ஓடை தாண்டி, மேடு தாண்டி, போய்க்கொண்டே இருக்கும். "நான் ராஜாவா, அவள் ராஜாவா?" என்று அவன் பல்லைக் கடித்தான். அந்திக்கரைக்குக் குடிபோகலாமே என்றால், அங்கே மற்றவர்களின் நிழலும் நீளமாயிற்றே! இவன் நிழல் மேல் எவளோ ஒருத்தியின் ஆட்டு நிழல் வந்து விழுந்து தொலைத்தால்?

அப்போதுதான் ஒரு மந்திரவாதி வந்தான். கடைசி வரிசைக்காரனே, நெளியாதே.

"ராசா, உமக்கு என்ன மண் வேணும்?"

"எவன் நிழலும் விழாத மண் வேணும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும். எவன் நிழலுமேவா?"

"எவன் நிழலும்!"

"அப்படியே தாறேன்" என்று சிரித்தான் மந்திரவாதி. "கூலி, அதோ அந்த முதல் மேகம்."

"மேகமா? ப்பூ, எடுத்துக்கோ. அது என்ன என் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றான் ராஜா. உண்மைதான். அது அவன் அப்பன் வீட்டுச் சொத்து இல்லை. அதனால்தான் தூக்கிக் கொடுத்தான்.

மந்திரவாதி சுரைக்குடுக்கையைத் திறந்தான். வானத்தில் முதன்முதலில் திரண்ட மேகம், மற்ற மேகங்களுக்கெல்லாம் தாய், பூனைக்குட்டி மாதிரிச் சுருண்டு உள்ளே போனது. மூடியைத் திருகினான். பிறகு கடலைப் பார்த்துக் குனிந்து கூப்பிட்டான்:

"ஆமையாரே, ஆமையாரே, குளிர்காய வாரும்!"

கடலின் அடியில் ஓர் ஆமை இருந்தது. நாடுகள் முளைப்பதற்கு முன்பே பிறந்தது. அதன் ஓடு ஒரு தேசம் அகலம். ஆழத்துக் குளிரில் நடுங்கி நடுங்கி அதற்கு அலுத்துப் போயிருந்தது. ஒரு தரம் கூப்பிட்டதும் கண்ணைத் திறந்தது. மறுதரம் கூப்பிட்டதும் கழுத்தை நீட்டியது. மூன்றாம் தரம் கூப்பிட்டதும் எழுந்தே வந்துவிட்டது. சூரியனுக்கு நேர் கீழே, நட்ட நடுக்கடலில், அதன் முதுகு பெரிய தேசமாக மேலே கிளம்பியது. நகர முடியாதபடி அந்த முதுகில் ஒரு செப்பு ஆணியை அறைந்து, "மண்ணுக்கு உடையவர் சொன்னால் ஒழிய அசையாதே!" என்று கட்டுப் போட்டான் மந்திரவாதி.

ராஜா சிங்காசனத்தைத் தூக்கிக்கொண்டு போய் நடுவில் போட்டு உட்கார்ந்தான். நாலாபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் எவன் நிழலும் இல்லை. "என் மண்!" என்று தொடையைத் தட்டினான்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்த ஆமையை நான் குறை சொல்ல மாட்டேன். நிலம் நல்லதுதான். நிலம் இல்லாமல் யார் வாழ்ந்தார்கள்? கிடக்கிற இடம்தான் தப்பு. அடுப்பில் பானை இருக்க வேண்டிய இடத்தில் பலகையைப் போட்டால் சோறா வேகும்? பலகைதான் எரியும்.

கடல் மூச்சு விடவில்லை. மேகம் குடை பிடிக்கவில்லை. காற்று தூக்கிக்கொண்டு போக ஒன்றும் இல்லை.

உச்சியில் குடை விலகியதும் நடுநிலம் வறுபட்டது. கரைகளில் மழை நின்றது. இருட்டின் மேல் கிடந்த போர்வை நைந்து, உலகத்தின் கொஞ்சநஞ்சச் சூடும் நட்சத்திரங்களுக்கு நடுவே ஓடிப்போனது. இருட்டுப் பக்கத்துப் பனிமலை காலை நீட்டத் தொடங்கியது. முதலில் ஓடை உறைந்தது. அடுத்து மேய்ச்சல் மேடு. அடுத்து அந்திக்கரையின் கடைசித் தெரு.

அந்தத் தெருவில் பனிச்சி என்று ஒருத்தி இருந்தாள். பனிக்கட்டி விற்கிறவள். இருட்டுப் பக்கம் போய்ப் பாளம் பாளமாக வெட்டி, உமியில் புதைத்து, சறுக்குக்கட்டையில் வைத்து உச்சிக்கரை வரை இழுத்துக்கொண்டு போய் விற்பாள். அவளோடு பேரம் பேசினவன் பனிக்கட்டியையும் வாங்கி, அவள் கட்டையையும் பாதி வழி தள்ளிவிட்டு வருவான். யாரும் சொல்லிக்கொடுத்து வந்த சாமர்த்தியம் இல்லை அது. வெயிலில் சரக்கு உருகிக்கொண்டே இருக்கும்போது பேசக் கற்றுக்கொண்டவளுக்குச் சுற்றி வளைக்க நேரம் ஏது?

அவள் அம்மா பெரும்பனியில் பாளம் வெட்டப் போய்க் கால் மரத்துப் போனவள். எழுந்து நடக்க முடியாது.

"ஏண்டி பனிச்சி, வாசப்படிக்கே வந்திருச்சு போல உன் சரக்கு" என்றாள் அம்மா, பனி ஏறிய கதவைப் பார்த்தபடி. "இனி இழுத்துட்டுப் போற வேலை மிச்சம்."

"சிரிக்காதேம்மா. ஊரே கிளம்புது. உன்னைச் சறுக்குக்கட்டையில வச்சு இழுத்துட்டுப் போயிடறேன், வா."

"எங்கே போறது? அந்தப் பக்கம் போனா வெந்து சாகணும். இந்தப் பக்கம் இருந்தா விறைச்சுச் சாகணும். கட்டையில என்னை வைக்காதே, பனியை வை. எவன் அடைச்சானோ அவன்கிட்டப் போய்ப் பேசு. நீ பேசி எது படியாம போயிருக்கு?"

பனி அடுப்படியைத் தொடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். தொட்டுவிட்டால் அம்மா இல்லை. இந்த ஒன்றை மனதில் முடிந்துகொண்டு பனிச்சி கட்டையை இழுத்தாள்.

வழியில் ஆறு வறண்டு கிடந்தது. "ஆறே, ஆறே, ஏன் வறண்டாய்?" என்று கேட்டாள். "எனக்கு மழை வரலை. காற்றைக் கேள்."

காற்று புழுதியைச் சுமந்துகொண்டு வந்தது. "காற்றே, காற்றே, ஏன் வெறுங்கையோடு வந்தாய்?" "எனக்குக் கடல் எதுவும் கொடுக்கலை. கடலைக் கேள்."

கடல், ஆமையைச் சுற்றி ஓரமாக ஒதுங்கி, முனகிக்கொண்டிருந்தது. "கடலே, கடலே, ஏன் மூச்சு விடலை?" "நெஞ்சு மேலே ஒருத்தன் சிங்காசனம் போட்டு உட்கார்ந்திருக்கான். நீயா இருந்தா விடுவியா?"

"ஓஹோ" என்றாள் பனிச்சி. "அப்போ பேச வேண்டிய ஆள் அங்கே இருக்கான்."

வற்றிப்போன ஓரக்கடலைத் தாண்டி, கட்டையோடு ஆமையின் முதுகில் ஏறினாள். தரை தோசைக்கல்லாகக் காய்ந்தது. நடுவில் சிங்காசனம், அதில் ராஜா, பக்கத்தில் சுரைக்குடுக்கையோடு மந்திரவாதி, ராஜாவின் தலைக்கு மேலே பொற்காம்பு போட்ட வெண்குடை, சுற்றிலும் வெயிலில் வாடி நிற்கிற சபை. குடைக்காரன் ஒருவன் சுருண்டு விழ, அடுத்தவனைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். காம்பு கொதித்தது. பிடித்தவன் உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

உமியை விலக்கியதும் பனிக்கட்டியின் பளபளப்பைப் பார்த்து ராஜாவின் நாக்கு வெளியே வந்துவிட்டது.

"அடியே பெண்ணே, அத்தனையும் எனக்கு! பொன் வேணுமா?"

"பொன்னைக் கடிச்சாப் பல்லு போகும். வேண்டாம்."

"முத்து?"

"முத்து தாகம் தீர்க்குமா? வேண்டாம்."

"பின்னே என்னதான் வேணும்? சீக்கிரம் சொல்லு, உருகுது!"

"உருகறது எனக்கும் தெரியும், ராசா. நீங்க யோசிக்க யோசிக்க உங்க பங்குதான் குறையுது." பனிச்சி ஒரு கட்டியை எடுத்துத் தன் கழுத்தில் மெல்லத் தேய்த்துக்கொண்டாள். "எனக்கு வேலை வேணும். குடை பிடிக்கிற வேலை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். செத்தாலும் எவனும் வராத வேலையைக் கேட்டு வாங்குகிறாளே! "கொடுத்தேன்! சபையறியக் கொடுத்தேன்! இனிமேல் இந்தக் குடை உன் கையில்தான்."

"சபையோரே, கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் பனிச்சி. கேட்டுக்கொண்டார்கள்.

அவள் பனித்தூளை ஈரத்துணியில் பொதிந்து குடைக்காம்பில் சுற்றினாள். பிடித்தாள். காம்பு சில்லென்றிருந்தது. குடை ஆடாமல் நின்றது. அப்படி நிற்கும்போது காலடியிலிருந்து ஒரு முனகல் வந்தது.

"யாரு... மேலே... முதுகு எரியுதே..."

"யாரது கீழே?"

"ஆமைம்மா. குளிர்காயக் கூப்பிட்டான். வந்தேன். இப்போ நான்தான் காயறேன்."

"குளிர்காய வந்தவரே காயறீரா?" என்றாள் பனிச்சி. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "உமக்கும் இந்த இடம் ஒத்துக்கலையே. எழுந்து போகவேண்டியதுதானே?"

"ஆணி அடிச்சிருக்கான். உடையவர் சொன்னாத்தான் நகரலாம். ராசாகிட்டக் கெஞ்சிப் பார்த்தேன். சொல்ல மாட்டேங்கறார்."

"ஆழத்துக்குத் திரும்பிப் போறீரா?"

"அய்யோ, அந்தக் குளிருக்கா? மாட்டேன்."

பனிச்சி பேரத்தில் இறங்கிவிட்டாள். "எங்க அந்திக்கரைப் பக்கம் வாரும். அங்கே ஓரவெயில். முதுகுக்கு இதமா இருக்கும், சுடாது. இருட்டுப் பக்கம் திரும்பிப் படுத்தீர்னா எங்களுக்குப் பனியைத் தடுக்க ஒரு மதில் ஆச்சு. உமக்கும் லாபம், எனக்கும் லாபம், கடலுக்கும் மூச்சு. படிஞ்சுதா?"

"படிஞ்சுது. ஆனா உடையவர்..."

"அதை நான் பார்த்துக்கறேன்."

அவள் குரலை உயர்த்தினாள். "ராசா! இந்த மண்ணு யாருது?"

"என்னுது! எவன் நிழலும் விழாத மண்!"

"எவன் நிழலுமா? உங்க நிழல் எங்கே?"

ராஜா சிங்காசனத்திலிருந்து துள்ளி எழுந்து வெயிலில் நின்று குனிந்து பார்த்தான். முன்னால் இல்லை. பின்னால் இல்லை. பக்கத்தில் இல்லை. சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நின்றது. நிழல் உள்ளங்காலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. நிழல் எட்டுமட்டும் நிலம். ராஜாவுக்கு எட்டியது ஒன்றுமில்லை. மந்திரவாதி ஒரு சொல் பிசகாமல் கேட்டதைக் கொடுத்திருந்தான்: எவன் நிழலும் விழாத மண். கேட்டவன் நிழலும் சேர்த்து.

"இதோ! இதோ நிழல்!" என்று குடைக்கடியில் கிடந்த வட்டத்தைக் காட்டினான் ராஜா.

"அது குடை நிழல். குடை யார் கையில இருக்கு?"

சபை மொத்தமும் அவள் கையைப் பார்த்தது. யாரோ ஒரு பொடிசு பழக்கதோஷத்தில் பாடம் ஒப்பித்தது: "குடை பிடித்தால் பிடித்தவன் நிலம்!"

"இதுக்கு முன்னே பிடிச்சு விழுந்தாங்களே, அத்தனை பேரும் ராசாதான்" என்றாள் பனிச்சி. "பாவம், அவங்களுக்குத்தான் தெரியலை."

மந்திரவாதி ராஜாவின் காதில் சீறினான்: "பார்த்துக்கிட்டு நிக்கிறீரே! பிடுங்கும் குடையை!"

ராஜா பாய்ந்து பிடுங்கினான். பிடுங்கிய வேகத்தில் ஈரத்துணி அவள் கையோடு நின்றுவிட்டது. கொதிக்கிற பொற்காம்பு அவன் கையோடு போனது. ஆயுசில் ஒருநாளும் தன் குடையைத் தானே பிடித்து அறியாதவன். "ஆஆ!" என்று அலறி உதறினான். குடை உருண்டது. ஒரு கணம் அந்தத் தேசம் யாருடையதும் இல்லை. மறுகணம் பனிச்சி துணியைச் சுற்றிக் குடையை எடுத்து, செப்பு ஆணியின் மேல் நிழல் விழும்படி நேராகப் பிடித்தாள்.

"ஆமையாரே, உடையவள் சொல்றேன். எழுந்திரும்!"

ஆணி தெறித்தது. பூமி எழுந்தது. சபை உருண்டது. ஆமை நடந்தது.

நடக்க நடக்க, உச்சியில் நின்ற சூரியன் பின்னால் சரிந்தது. ராஜாவின் காலடியிலிருந்து நிழல் எட்டிப் பார்த்தது. ஒரு சாண் ஆனது. ஒரு முழம் ஆனது. ஓர் ஆள் நீளம் ஆனது. அவன் வாழ்நாளெல்லாம் ஏங்கிய நிழல் அவன் முன்னால் வளர்ந்துகொண்டே போனது. ஆனால் அந்திக்கரை வந்து சேர்ந்தபோது எல்லார் நிழலும் அப்படியே நீளம். ஆட்டின் நிழல்கூட. அவன் நிழல் நீள நீள அவன் வாய் குறுகிப்போயிற்று.

பனிச்சி குடையை மடக்கினாள். "மண்ணு யாருது இப்போ?" என்று ஆமை கேட்டது.

"உம்ம முதுகு, உம்ம நிழல், உம்முது. எங்களுக்கு ஒண்டிக்க இடம் கொடுத்தாப் போதும்."

அந்த உலகத்தில் தனக்குத் தானே சொந்தமான நிலம் அது ஒன்றுதான்.

அங்கே உச்சியில் கடல் மறுபடி ஒன்றுகூடி மூடிக்கொண்டது. ஒரு பெருமூச்சு விட்டது பாருங்கள்!

கடல் மூச்சு விட்டது. மேகம் குடை பிடித்தது. காற்று தூக்கிக்கொண்டு வந்தது.

ஆறு நிறைந்தது. இருட்டு மறுபடி போர்த்திக்கொண்டது. அடுப்படிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் பனி நின்று, யோசித்து, பின்வாங்கியது. பனிச்சி கதவை உடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அம்மா அடுப்பங்கரையில் சுருண்டு கிடந்தாள். ஒரு கண்ணைத் திறந்தாள்.

"வந்துட்டியா? எவ்வளவுக்குப் படிஞ்சது?"

"ஒரு தேசத்துக்கும்மா."

"எங்கே அது?"

"அவர்கிட்டயே கொடுத்துட்டேன்."

"உருப்படுவே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அம்மா, அடித்த கையாலேயே மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இன்றைக்கும் அந்த அம்மா ஆமையின் முதுகில் ஓரவெயிலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். மரத்த கால் மெல்ல அசைகிறதாம். ராஜா? பனிச்சியின் சறுக்குக்கட்டையைத் தள்ளுகிறான். நன்றாகத் தள்ளுகிறான், அதையும் சொல்ல வேண்டும்.

எல்லாம் சுபம் என்று எழுந்துவிடாதீர்கள். ஆமை எழுந்த அமளியில் ஒருத்தன் குடுக்கையோடு நழுவினான். தாய்மேகம் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. அதனால் இருட்டின் போர்வையில் ஒரே ஒரு கிழிசல், பனிச்சியின் தெருவுக்கு நேர் மேலே. அந்தக் கிழிசல் வழியே நட்சத்திரக் குளிர் ஊசியாக இறங்குகிறது. அதன் கீழே இருக்கிற கிணறு மட்டும் இன்னும் கல்லாகக் கிடக்கிறது. பக்கத்துத் தெருவுக்குத் தண்ணீருக்கு நடக்கிறார்கள் அந்தத் தெருப் பெண்கள். மேலே சுற்றுகிற குட்டி மேகங்கள் அந்த இடம் வந்ததும் சற்று நின்று, எதையோ தேடிவிட்டுப் போகின்றன.

"போகட்டும், அவனே ஒருநாள் கொண்டுவந்து விடுவான்" என்கிறாள் பனிச்சி. அவள் பெருந்தன்மை அவளுக்கு. எனக்கு அது கிடையாது.

எழுந்திருக்காதே. வாசலில் ஆள் நிறுத்தியிருக்கிறேன். ராஜா தோற்றான், வேலைக்கு வந்தான். ஆமை ஏமாந்தது, இடம் மாறியது. கடல் நெஞ்சு அடைத்தது, மூச்சை மீட்டது. தன் பங்கைச் செய்யாதவன் இந்தக் கதையில் நீ ஒருத்தன்தான். உன்னிடம் பேரம் பேச எனக்குப் பொறுமை இல்லை. இடுப்பிலிருந்து குடுக்கையை எடு. எல்லாரும் பார்க்கட்டும். ம், எடு.

மூடியைத் திற.